நிற்போர் நலமும் இருப்போர் நலமும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கண இலக்கியங்களைக் கற்பிக்கும் ஒருவனை அழைத்து, தொழில் செய்யும் இடத்தில் உடல்நலம் பேணுதல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். யான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். ஆயினும், நம் பிள்ளைகள் பள்ளியை விட்டு நீங்கியபின் எங்குச் சென்று எங்ஙனம் உழைக்கின்றனர் என்பதைக் காணும் வாய்ப்பு ஆசிரியனாயினானுக்கு உண்டு. கடைத்தெரு வழியே செல்லும்போது பழைய மாணவர் பலர் நின்றவாறே கைகூப்புகின்றனர். ஆசிரியரைக் கண்டு எழுந்து நின்றவர் அல்லர் அவர். காலை முதல் நின்றுகொண்டே இருப்பவர். ஆதலின், பரந்துகிடக்கும் இப்பொருளில் நிற்றல், இருத்தல் என்னும் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு சில சொல்லத் துணிகின்றேன்.

நம்மவருள் பெரும்பாலோர் வாணிகத்தால் வாழ்பவர். ஒரு கடையினுள் நுழைந்து பாருங்கள். பணியாளன் நின்றுகொண்டே இருக்கின்றான். முதலாளி கல்லாப் பெட்டியின் முன் உட்கார்ந்துகொண்டே இருக்கின்றார். ஒருவன் நின்றே கெடுகின்றான். ஒருவர் இருந்தே கெடுகின்றார். ஒரே கூரையின்கீழ் இருவருக்கும் இருவகை நோய் வளர்கின்றது. இருவரும் தம் நிலையைச் சிறிது மாற்றிக்கொள்வாராயின் இருவரும் நலம் பெறுவர். யான் இன்று கூற வந்ததன் சாரம் இவ்வளவே.

தொழிலும் நோயும்

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்து தனிப் பெருநூல் எழுதியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்நார்டினோ ராமாசினி என்பார். அவர் காலம் 1633 முதல் 1714 வரை. அவர் தம் இல்லத்தில் மலக்குழி தூய்மை செய்த தொழிலாளி ஒருவன் மிக விரைந்து உழைப்பதைக் கண்டு, அவ்விரைவுக்குக் காரணம் யாதென வினவினார். அக்குழியினுள் நெடுநேரம் தங்கினால் கண்பார்வை கெடும் என்று அவன் விடையிறுத்தான். அவ்விடையே அவரைத் தொழிலாளர் நோய்களை ஆராயும் வழியிற் செலுத்தியது. 1700-ஆம் ஆண்டில் மோதெனா நகரில் அவரது நூல் வெளிவந்தது. நோயாளியைக் காணச் செல்லும் மருத்துவன் மற்றக் கேள்விகளோடு, அவன் செய்யும் தொழில் யாது என்பதையும் கேட்டறிதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அப்பெரியார் தம் நூலில் நின்று தொழில் செய்வோர்க்கு ஓர் அதிகாரமும், இருந்து தொழில் செய்வோர்க்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். முந்நூறு ஆண்டுகட்கு முன் அவர் பிரித்துக் காட்டிய இருசாராரும் இன்று நம் கடைகளில் எதிரெதிரே காணப்படுகின்றனர்.

நிற்றலால் விளையும் கேடு

குருதி நெஞ்சிலிருந்து காலுக்கு இறங்குதல் எளிது. காலிலிருந்து நெஞ்சுக்கு ஏறுதல் அரிது. அவ்வரிய வேலைக்குத் துணை செய்வது கெண்டைக்காலின் தசை. நாம் நடக்குந்தோறும் அத்தசை சுருங்கி, தன்னூடே செல்லும் குருதிக் குழாய்களை அழுத்தி, குருதியை மேல்நோக்கித் தள்ளுகின்றது. குழாய்களினுள் அமைந்த சிறு கதவங்கள், மேலேறிய குருதி மீண்டும் கீழிறங்காதபடி தடுக்கின்றன. கேணியிலிருந்து நீர் இறைக்கும் பொறிக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

ஓரிடத்தில் அசையாது நிற்பவனுக்கு இவ்விறைப்பு நிகழ்வதில்லை. குருதி காலிலேயே தேங்குகின்றது; மாலையில் பாதம் வீங்குகின்றது; காலணி இறுகுகின்றது. ஆண்டுக்கணக்கில் இந்நிலை தொடருமாயின், சிலர்க்குக் குழாய்கள் விரிந்து, கதவங்கள் பழுதுற்று, நீல நிறமாகச் சுருண்டு தோலின்மேல் புடைத்து நிற்கும். நரம்புச் சுருட்டல் என்று நம் மக்கள் கூறும் நோய் இதுவே. முற்றிய நிலையில் கணுக்காலின்மேல் தோல் கருத்து, எளிதில் ஆறாத புண்ணும் உண்டாகும். இடுப்பு வலியும் முழங்கால் வலியும் இதனோடு சேர்ந்துகொள்ளும். கருவுற்ற பெண்ணொருத்தி நெடுநேரம் நிற்க நேர்ந்தால் அவள் படும் துன்பத்தைத் தாய்மார்களுக்கு யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெண்கள் படும் பிறிதோர் இடர் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. ஆயினும் இவ்வவையில் சொல்லியே ஆகவேண்டும். பல கடைகளில் பெண்கள் செல்லத்தக்க தூய கழிப்பிடம் இல்லை. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். வந்த சிறுநீரையும் அடக்குகின்றனர். சித்திரை வைகாசி வெயிலில் இவ்வாறு செய்வதால் சிறுநீர்த் தாரையில் அழற்சியும், சிறுநீரகத்தில் கல்லும் தோன்ற இடமுண்டாகின்றது. ஆயிரக்கணக்கான ரூபாய் பெறுமான கண்ணாடி அலமாரியும் மின்விளக்கும் அமைத்த கடையில், தாழ்ப்பாள் உள்ள ஒரு சிற்றறையும் ஒரு குழாய் நீரும் இல்லையென்றால், அது பொருட்குறை அன்று; மனக்குறையே என்க.

இருத்தலால் விளையும் கேடு

இனி, முதலாளிமார் பக்கம் வருவோம். உட்கார்ந்திருப்பவர்க்கு என்ன குறை என்று கேட்பீர்கள். அதற்கு விடை 1953-ஆம் ஆண்டில் கிடைத்தது. ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவர் கூட்டத்தாரும் இலண்டன் மாநகரத்துப் பேருந்துத் துறையினரை உள்ளிட்ட ஏறத்தாழ 31,000 ஆடவரைப் பற்றி ஆராய்ந்து, அவ்வாண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் தம் முடிபை வெளியிட்டனர். அந்நகரத்துப் பேருந்துகள் இரண்டடுக்கு உடையவை. ஓட்டுநர் நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருந்தார். நடத்துநர் சீட்டுக் கொடுக்கும் பொருட்டுப் படியேறியும் இறங்கியும் நடமாடினார். இருவரும் ஒரே வண்டியில் ஒரே வீதியில் செல்பவர். எனினும், நடத்துநரைக் காட்டிலும் ஓட்டுநர்க்கே மாரடைப்பு நோய் மிகுதியாகக் காணப்பட்டது. படியேறிய கால் நெஞ்சைக் காத்தது என்று இதனால் தெளியலாம்.

நம் கல்லாவில் அமர்ந்திருப்பவர் நிலை அவ்வோட்டுநர் நிலையினும் இரங்கத்தக்கது. அவர் பக்கத்தில் மணிக்கொரு முறை தேநீர் வருகின்றது. தேநீரோடு வடையும் முறுக்கும் வருகின்றன. பகலுணவு மூன்று மணிக்கு மேல். இரவுணவு கடை சாத்திய பின் பதினோரு மணிக்கு. உண்டவுடன் உறக்கம். அசையாத தசை குருதியிலுள்ள சர்க்கரையைக் குறைவாகவே வாங்கிக்கொள்கின்றது; ஆதலின் அது குருதியிலேயே பெருகுகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு, இந்நாட்டில் நீரிழிவு உடையார் தொகை 10 கோடிக்கு மேற்பட்டது எனக் கணித்தது. தமக்கு அந்நோய் உண்டென்பதை அறியாமலே பலர் வாழ்கின்றனர். கண் மங்கியபோதும் கால்விரல் புண்பட்டபோதுமே அறிகின்றனர். வரவு செலவுக் கணக்கை இரவுதோறும் சரிபார்க்கும் நம் வணிகர், உடம்பின் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்ப்பதில்லை!

நிற்பவரையும் இருப்பவரையும் ஒருங்கே தாக்குவது நேர நீட்சி. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்பவரை நோக்க, பக்கவாதம் வரும் இடர் 35 விழுக்காடும், மாரடைப்பு நோயால் இறக்கும் இடர் 17 விழுக்காடும் மிகுதி. காலை ஒன்பது மணி முதல் இரவு பத்து மணி வரை வாரம் முழுதும் திறந்திருக்கும் கடையில் முதலாளியின் உழைப்பு எத்தனை மணி ஆகின்றது என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கூறுவது

கடைப் பணியாளர் உட்கார வேண்டும் என்பது இன்று தோன்றிய புதுக் கோரிக்கை அன்று. இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே கடைப் பெண்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் எனத் தனிச் சட்டம் பிறந்தது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்று அது வகுத்தது. நம் அண்டை நாடாகிய கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு முதலிய இடங்களில் கடைகளில் வேலை செய்த பெண்கள் ஒன்றுகூடி இவ்வுரிமைக்காகப் போராடினர். அதன் பயனாக 2018-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021 செப்டம்பரில் 22-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வேலையினிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் பணியாளர் உட்கார்ந்துகொள்ளும்படி எல்லோர்க்கும் இருக்கை அமைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டமே, தொடர்ந்து நான்கு மணி நேரம் உழைத்தவர்க்கு ஒரு மணி ஓய்வு தருதல் வேண்டும் என்றும், வாரத்துக்கு ஒருநாள் விடுமுறை வேண்டும் என்றும் விதித்தது.

சட்டம் இருக்கின்றது, முக்காலி இருக்கின்றதா? சில கடைகளில் முக்காலி இருக்கின்றது. அதன்மேல் துணிக்கட்டு இருக்கின்றது. ஆள் மட்டும் நிற்கின்றான்.

மூன்று தடைகளும் விடைகளும்

இதைப் பற்றி நம் வணிகர்களோடு உரையாடியபோது மூன்று தடைகள் கூறினர். அவற்றை மறைக்காது எடுத்துரைத்து விடையும் கூறுவேன்.

வாடிக்கைக்காரர் முன் பணியாளன் உட்கார்ந்திருத்தல் மரியாதைக் குறைவு என்பது முதல் தடை. வாடிக்கைக்காரர் வரும்போது எழுந்து வரவேற்க வேண்டாம் என்று யாரும் கூறவில்லை. ஆள் வராத பகற்பொழுதில், வெறுங்கடையைப் பார்த்துக்கொண்டு ஏன் நிற்க வேண்டும் என்பதே வினா. அன்றியும், நிற்றல் நம் முன்னோர் வழக்கமும் அன்று. பழைய துணிக்கடைகளில் மெத்தை விரித்து வெள்ளைத் துணி பரப்பியிருப்பர். விற்பவரும் அமர்ந்தே புடைவையை விரித்துக் காட்டுவர். வாங்குபவரும் அமர்ந்தே தெரிவு செய்வர். பலசரக்குக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் அமர்ந்தே எடை போட்டனர். அக்காலத்து வாடிக்கைக்காரர் மரியாதை குறைந்ததென்று கடையை விட்டுச் செல்லவில்லை. ஒரே கடையில் மூன்று தலைமுறை வாங்கினர். கண்ணாடி மேசைகளும் உயரமான அலமாரிகளும் வந்தபின் வந்ததே இந்நிற்றல்.

யாமும் இளமையில் நின்றுதான் முன்னுக்கு வந்தோம் என்பது இரண்டாம் தடை. மெய்யே. ஆனால், நின்றமையால் முன்னுக்கு வந்தீரல்லீர். நின்றும் முன்னுக்கு வந்தீர். உங்களை உயர்த்தியவை நேர்மையும் சிக்கனமும் நாவடக்கமும் ஆகும். அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கால்வலியைக் கொடுக்க வேண்டுவதில்லை.

செலவு என்பது மூன்றாம் தடை. ஒரு முக்காலியின் விலை, தேர்ந்த பணியாளன் ஒருவன் பத்து நாள் நோயால் வராமையால் கெடும் வியாபாரத்தை நோக்க மிகச் சிறிது. சரக்கின் இடம் அறிந்தவன், வாடிக்கைக்காரரின் விருப்பம் அறிந்தவன், விலகிச் சென்றால் அவனைப் போல் ஒருவனைப் பழக்க எத்தனை மாதம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி ஓடுவதற்கு அச்சுக்கு எண்ணெய் இடுபவன் அதனைச் செலவென்று கருதுவதில்லை.

உறவும் உழைப்பும்

இனி நான் கூறப்போவது நமக்குள் மட்டும் பேசத்தக்கது. பிறர் கடைகளில் முதலாளி வேறு, தொழிலாளி வேறு. நம் கடைகளில் பெரும்பாலும் உறவினரே பணியாளர். ஊரிலிருந்து தாயொருத்தி தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, 'அண்ணாச்சி, இனி இவன் உங்கள் பிள்ளை' என்று சொல்லி விட்டுச் செல்கின்றாள். அவன் கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்குகின்றான். இவ்வழக்கத்தால் நம் சமூகம் அடைந்த நன்மை பெரிது. கையில் காசின்றி வந்த இளைஞர் பலர் தனிக்கடை வைத்து நிமிர்ந்தது இதனாலேயே.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. அயலான் கடையில் வேலை செய்பவன், 'மணி ஒன்பதாயிற்று; நான் போகின்றேன்' என்று கூற முடியும். மாமன் கடையில் வேலை செய்பவனுக்கு அச்சொல் நாவில் எழாது. கால் வலிக்கின்றது என்று சொன்னால் சோம்பேறி என்பார்களோ, ஊருக்குச் செய்தி போகுமோ, தங்கையின் திருமணத்துக்கு உதவி கிடைக்காமற் போகுமோ என்று அஞ்சுகின்றான். கேட்க வாயில்லாதவன் கேளாமலே கொடுக்கும் கடமை உறவினர்க்கே மிகுதி. 'உங்கள் பிள்ளை' என்று தாய் ஒப்படைத்த சொல்லுக்குப் பொருள், உரிமையோடு வேலை வாங்கலாம் என்பது மட்டும் அன்று. தன் மகன் பசித்தால் அறிவதுபோல் இவன் பசித்தாலும் அறிதல் வேண்டும் என்பதும் ஆம். தம் மகனைப் பதின்மூன்று மணி நேரம் நிற்கவைக்க நம்முள் எத்தனை பேர் ஒருப்படுவர்? ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.

உழைப்பவன் குறையை வணிகர் காதுகொடுத்துக் கேட்டதற்குச் சென்னையிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் துன்பங்களை முதலிற் கேட்டு, வெளியே எடுத்துச் சென்றவர் வணிகத் துறையினராகிய செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஆவர். நண்பகல் உணவுக்கு விடப்பட்ட இடைவேளை போதாது என்பது அன்று கூறப்பட்ட முதற் குறைகளுள் ஒன்று. அதிலிருந்து, 1918 ஏப்ரல் 27-ஆம் நாள், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் துணைத் தலைவராக விளங்கிய திரு. வி. கலியாணசுந்தரனார், அதற்குமுன் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். ஒரு பிடி சோற்றை மென்று விழுங்கப் போதிய நேரம் வேண்டும் என்ற எளிய வேண்டுகோள் எவ்வளவு பெரிய இயக்கமாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். தக்க காலத்தில் கொடுத்திருந்தால் அது வெறும் பத்து நிமிடம்!

நாம் செய்யத்தக்கவை

குறை கூறி அமைதல் ஆசிரியன் தொழில் அன்று. வழியும் காட்டல் வேண்டும். ஆதலின் இச்சங்கத்தின் முன் ஆறு வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

1. நம் உறுப்பினர் கடை ஒவ்வொன்றிலும், பணியாளர் தொகைக்கு ஏற்ப இருக்கைகள் அமைக. அவற்றின்மேல் சரக்கு வையாதிருக்க. ஆள் இல்லாதபோது உட்காருமாறு முதலாளியே வாய்திறந்து சொல்லுக. சொல்லாவிடின் எவனும் உட்காரான்.

2. முதலாளிமார் மணிக்கொரு முறை எழுந்து, கடையைச் சுற்றி ஐந்து நிமிடம் நடக்க. ஒரு நாழிகைப் பொழுது பணியாளனைக் கல்லாவில் இருத்தித் தாம் சரக்கு எடுத்துக் கொடுக்க. அவன் காலுக்கு ஓய்வும் இவர் நெஞ்சுக்கு உரமும் கிட்டும். அவன் கணக்கும் கற்பான்.

3. பகலுணவு குறித்த நேரத்தில் முறைவைத்து நடைபெறுக. குடிநீரும், பெண்களுக்குத் தாழ்ப்பாளுடன் கூடிய தூய கழிப்பிடமும் எல்லாக் கடைகளிலும் அமைக. தனியே இடமில்லாத சிறு கடைக்காரர் நால்வர் ஐவர் சேர்ந்து பொதுவாக அமைத்துக்கொள்ளலாம்.

4. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தார் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமாகிய ஈ.எஸ்.ஐ.யில் பதிந்துகொள்க. 1952-ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்துக்கு 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடாகவும், தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டன. 15,000 ரூபாய் ஊதியத்துக்கு முதலாளி செலுத்துவது 487 ரூபாய் 50 காசு. தொழிலாளி செலுத்துவது 112 ரூபாய் 50 காசு. இதனால் அவன் குடும்பம் முழுதுக்கும் மருத்துவ உதவி கிடைக்கின்றது. ஆள் தொகையைக் குறைத்து எழுதி இதனைத் தவிர்ப்பது மிச்சம் பிடித்தல் அன்று. பிறன் மருந்துக் காசைப் பிடித்துக்கொள்ளுதலே ஆகும்.

5. ஆண்டுக்கு ஒருநாள், சங்கக் கட்டிடத்தில் முதலாளி தொழிலாளி அனைவர்க்கும் குருதி அழுத்தம், சர்க்கரை, கண் ஆகியவற்றைச் சோதிக்க ஏற்பாடு செய்க. நம் முன்னோர் மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டினர். அம்மகமையில் ஒரு சிறு பகுதி உடம்பைக் காக்கவும் உதவுக. சோதனையில் தெரிந்த செய்தி அவரவர்க்கே உரியது. அதுகொண்டு எவரையும் வேலையினின்று நீக்கலாகாது.

6. வாடிக்கைக்காரர் முன்னிலையில் பணியாளரைக் கடிந்து பேசுதல் ஒழிக. உடம்பின் புண்ணுக்கு மருந்துண்டு. பத்துப் பேர் நடுவில் பட்ட அவமானத்தை நினைந்து இரவில் உறங்காதிருக்கும் இளைஞனுக்கு மருந்துக்கடையில் மாத்திரை இல்லை. தனியே அழைத்துத் திருத்தினால் அவனும் திருந்துவான், வேலையும் கெடாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

சகோதரிகளே! கடையில் நடப்பது உங்களுக்குத் தொடர்பில்லாதது என்று எண்ணாதீர்கள். உங்கள் கணவரின் மருந்துப் பெட்டி ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதை நீங்களே காண்கின்றீர்கள். இரவு எட்டு மணிக்குள் சிறிது உணவு கடைக்கே அனுப்புங்கள். அவர்க்கு அனுப்பும்போது அங்கு நிற்கும் பிள்ளைகளையும் நினையுங்கள். 'இன்று நம் கடைப் பையன்கள் எப்பொழுது சாப்பிட்டார்கள்?' என்று நாள்தோறும் ஒரு கேள்வி கேளுங்கள். சட்டம் புகாத இடத்திலும் இல்லாளின் கேள்வி புகும்.

வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் ஒன்று கூறுவேன். உட்கார இடம் கேட்பது சோம்பல் அன்று. நேர்மையாக உழைத்து, பணிவாகக் கேளுங்கள். கேட்கத் தயங்கினால் சங்கத்துப் பெரியோரிடம் சொல்லுங்கள். நின்ற இடத்திலும் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். தண்ணீர் குடிக்கத் தவறாதீர்கள். நாளைக்கு நீங்கள் கடை வைக்கும்போது, இன்று பட்ட கால்வலியை மறவாதீர்கள்.

அன்பர்களே! நம் சங்கம் கல்விக்கு உதவுகின்றது, திருமணத்துக்கு உதவுகின்றது, ஈமச் சடங்குக்கும் உதவுகின்றது. கல்வி முடித்த நாளுக்கும் ஈமச் சடங்குக்கும் இடையே உள்ள நாற்பது ஐம்பது ஆண்டுகளை நம்மவர் கடைகளிலேயே கழிக்கின்றனர். அக்காலத்தை நோயின்றிக் கழிக்க உதவுதலும் சங்கத்தின் பணியே. மேற்கூறிய ஆறனுள் எல்லாவற்றையும் இவ்வாண்டே நிறைவேற்ற இயலாதெனின் முதலாவதை மட்டுமேனும் நாளைக் காலையே தொடங்குங்கள். அதற்குத் தீர்மானமும் வேண்டா, நிதியும் வேண்டா. கடை திறந்தவுடன் முக்காலியின்மேல் உள்ள துணிக்கட்டை எடுத்துக் கீழே வைத்து, 'தம்பி, சற்று உட்கார்' என்று சொன்னால் போதும்.

நிற்போரும் இருப்போரும் நோயற்று வாழ்க! நம் சங்கம் ஓங்குக!